கயிறு கனமாக இருந்தால் போதுமா? காசிமேட்டில் புயலுக்குப் படகைக் கயிற்றால் கட்டிவைப்பது பற்றிச் சந்தேகம்

கேள்வி (காசிமேடு):
அனைவருக்கும் வணக்கம். மீன்பிடித் துறைமுகத்தில் ஒன்றையொட்டி ஒன்றாகக் கட்டிய மூன்று விசைப்படகுகளில் எங்களுடையது கரையோரம் நிற்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் அணியத்துக் கயிறு (படகின் முன்பக்கக் கயிறு) அறுந்து, பக்கத்துப் படகில் மோதி எங்கள் பலகைகள் பெயர்ந்தன. கயிறு புதியதுதான்; ஆனால் கரைச்சுவரின் விளிம்பில் உரசிய இடம் மட்டும் பஞ்சாகப் பிரிந்திருந்தது. இம்முறை இன்னும் கனமான கயிறு வாங்கினால் போதுமா?

பதில் (ராயபுரம்):
தம்பி, நீங்கள் கண்ட அந்தப் பஞ்சிலேயே விடை இருக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் படகின் மீதான அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால் கனமும் தேவைதான். ஆனாலும் உரசும் இடத்தைக் காக்காவிட்டால் எந்தக் கயிறும் நிற்காது. அங்கே கெட்டியான கேன்வாஸ் துணியைப் பல சுற்றுச் சுற்றி, நகராதபடி இரு முனையிலும் இறுக்கிக் கட்டுங்கள். பலர் ரப்பர் குழாயை மாட்டுகிறார்கள். ஆனால் நைலான் கயிறு இழுபட்டு இழுபட்டு உள்ளே சூடேறும்போது குழாய் அந்தச் சூட்டை அடைத்துவைக்கும், துணியோ மழைநீரை உள்ளே விட்டுக் கயிற்றைக் குளிர்விக்கும். நைலானையே வாங்குங்கள், அது நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். கடல் மட்டம் உயரும்போது படகும் உயரும் என்பதால், கயிற்றைக் குட்டையாக இழுத்துக் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி (காசிமேடு):
நன்றி அண்ணா. அன்று பிற்பகலில் காற்று சட்டென்று அடங்கியது. புயல் போய்விட்டதென்று நினைத்தோம். கயிறு அறுந்தது அதற்குப் பிறகுதான்.

பதில் (எண்ணூர்):
அது புயலின் கண். அது கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசும். வாடைக்காற்றை மட்டும் நினைத்துக் கட்டிய படகு அப்போதுதான் மாட்டிக்கொள்ளும். ஆகவே அணியத்திலும், பின்பக்கமான அமரத்திலும் இரண்டிரண்டு கயிறுகளை வெவ்வேறு தூண்களில் கட்டி, படகு முன்னும் பின்னும் ஓடாதபடி குறுக்குக் கயிறுகளும் போடுங்கள். மூன்று படகுகளுக்கும் இடையே டயர்களைத் தொங்கவிடுங்கள். வலை, தார்ப்பாய் போன்று காற்றுப் பிடிப்பவற்றைக் கரையில் இறக்கிவிடுங்கள். நீர் இறைக்கும் பம்பின் பேட்டரிக்கு முழுதாகச் சார்ஜ் ஏற்றி வையுங்கள். முக்கியமாக, கண் கடக்கும் அமைதியில் கயிற்றைச் சரிசெய்ய யாரும் படகில் ஏறக் கூடாது. இதை மற்ற இரு படகுக்காரர்களிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (காசிமேடு):
சொல்லிவிட்டேன். நாளைக் காலை மூவரும் சேர்ந்தே கட்டுகிறோம்.