ஜாமினி ராய் கண்காட்சித் திட்டம்: ஒரே படத்துக்குப் பல வடிவங்கள் இருந்தால் எதை மாட்டுவது? வெளிச்சம் எவ்வளவு?

சுவர்வெளி கேட்டது:

வணக்கம். காட்சி வடிவமைப்புப் படிப்பில் எங்கள் குழுவுக்கு ஒரு மாதிரித் திட்டம் கொடுத்திருக்கிறார்கள். வங்காள ஓவியர் ஜாமினி ராயின் 125ஆவது பிறந்த ஆண்டை ஒட்டி டெல்லி தேசிய நவீன கலைக்கூடம் 2013இல் ‘ஜர்னி டு தி ரூட்ஸ்’ என்ற கண்காட்சியை நடத்தியது. அதே ஓவியரை வைத்து இன்று ஒரு தேசியக் கலைக்கூடம் கண்காட்சி போட்டால் எப்படிப் போடும் என்று வரைந்து காட்ட வேண்டும். 60 படங்கள், இரண்டு அறைகள், 13 வாரம்.

நான்கு இடங்களில் நிற்கிறோம். அவர் பெரும்பாலான படங்களில் தேதி போடவில்லை. அப்படியானால் கால வரிசையில் அடுக்குவது சரியா? தாயும் சேயும், கோபிகை, மூன்று பூசாரினிகள் போன்ற உருவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்றை மட்டும் மாட்டுவதா, எல்லாவற்றையுமா? முட்டையிலோ பசையிலோ குழைத்த வண்ணமான டெம்பராவுக்கு 50 லக்ஸா (லக்ஸ் என்பது பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), 200 லக்ஸா? ஒவ்வொரு கையேடும் ஒவ்வொன்று சொல்கிறது. கடைசியாக, படங்களைக் கண்காட்சி நூலில் அச்சிட யாருடைய அனுமதி தேவை?

கோட்டுத்தூரிகை:

கால வரிசையைக் கைவிட வேண்டாம். ஆண்டு வரிசை கிடைக்காது, கட்ட வரிசை கிடைக்கும். அவர் 1887இல் மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்துப் பேலியாதோரில் பிறந்தவர். கல்கத்தா அரசு கலைப் பள்ளியில் ஐரோப்பிய முறையில் பயின்று, எண்ணெய் வண்ணத்தில் உருவப்படங்கள் வரைந்து பிழைத்தார். முதல் கட்டம் அது. 1920களின் நடுவில் நிழலும் ஆழமும் விலகத் தொடங்குகின்றன. சந்தால் பழங்குடிப் பெண்கள் தட்டையான வண்ணப் பரப்புகளாக வருகிறார்கள். அதன்பின் சாம்பல் பின்னணியில் விளக்குக்கரிக் கோடு மட்டுமே பேசும் படங்கள். பிறகு கெட்டியான நிறங்களோடு கிருஷ்ணன், கோபிகைகள், வங்கத்தின் நாடோடிகளான பாவுல் பாடகர்கள், 1940களில் கிறிஸ்து. பாய் மீது வரைந்தவையும் மரப் பொம்மைகளும் தனிக் கூட்டம். இந்தக் கட்டங்களைச் சுவரில் எழுதுங்கள். தனிப் படங்களின் குறிப்பில் ‘தேதியிடப்படாதது’ என்றே இருக்கட்டும். ஊகத்தில் ஒரு பத்தாண்டைப் போட்டால் அடுத்த நூல் அதை உண்மையாக எடுத்தாளும்.

எண்ணெய் உருவப்படங்களை முதல் அறையின் ஓரத்தில் ஒதுக்கும் வழக்கம் உண்டு. அது தவறு. நிழல் கொடுத்து ஒரு முகத்தை உருட்டித் திரட்டத் தெரிந்த கை இது என்று பார்வையாளர் முதலில் காண வேண்டும். காணாவிட்டால் பின்னால் வரும் ஒற்றைக் கோட்டை எளிமை என்று நினைத்து நகர்ந்துவிடுவார்.

காளிகாட் பட ஓவியம் (கல்கத்தாவின் காளி கோயிலருகே விற்ற நாட்டுப்புறப் படம்) ஒன்றையாவது இரவல் வாங்கி, ராயின் படத்துக்கு மிக அருகே மாட்டுங்கள். ‘நாட்டுப்புறப் பாணியைப் பின்பற்றினார்’ என்று சுவரில் எழுதுவதைவிட இது அதிகம் சொல்லும். காளிகாட் ஓவியர்கள் கோட்டை ஒட்டி உள்பக்கம் நிழல் தடவி உடலுக்குத் திரட்சி கொடுப்பார்கள். ராய் அந்த நிழலை எடுத்துவிட்டார். என்ன வாங்கினார் என்பதோடு எதை விட்டார் என்பதும் அந்த ஒரு ஜோடியில் தெரிந்துவிடும். பாங்குராச் சுடுமண் குதிரையை அலங்காரமாக வாசலில் நிறுத்துவதோடு ஒப்பிட்டால் இதன் பயன் எவ்வளவு பெரிது!

பல வடிவங்கள் பற்றி: எல்லாவற்றையும் காட்டுங்கள், ஆனால் ஒரே ஒரு உருவத்துக்கு மட்டும். நடுத்தர வீடுகளும் வாங்க முடிய வேண்டும் என்பதற்காகவே படங்களைத் திரும்பத் திரும்பச் செய்து குறைந்த விலைக்குக் கொடுத்தவர் அவர். பட்டறை முறையில் மகனும் உதவியாளர்களும் கூட வேலை செய்தார்கள். இதை மறைத்துத் தலைசிறந்த ஒற்றைப் படங்களாகப் பொறுக்கி மாட்டினால் அவர் செய்த காரியமே காணாமல் போகும். தாயும் சேயும் நான்கைந்து வடிவங்களை ஒரே உயரத்தில், 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். கண்ணின் வளைவு, கோடு தடிக்கும் இடம், பின்னணிப் பூச்சு எல்லாம் தாமாகவே ஒப்பிடக் கிடைக்கும். மற்ற இடங்களில் படத்துக்குப் படம் 60 செ.மீ.யாவது விடுங்கள்.

லக்ஸ்மானி:

வெளிச்சக் கேள்விக்கு வருகிறேன். ‘டெம்பரா’ என்ற பெயரை வைத்து முடிவெடுப்பதால்தான் குழப்பம். எண்ணெய், முட்டை டெம்பரா போன்றவற்றுக்கு 200 லக்ஸ் வரை தருவது வழக்கம். ராயின் படங்கள் பசையில் குழைத்த வண்ணங்கள். துணி, தாள், அட்டை, பாய் என்று எதன் மேலும் இருக்கும். இவற்றை நீர்வண்ணத்தோடு சேர்த்து 50 லக்ஸில் நிறுத்துங்கள். முதல் அறையின் எண்ணெய் ஓவியங்கள் 150 வரை போகலாம்.

ஆனால் 50 என்பது பாதிக் கணக்கே. மீதி, நேரம். நாளுக்கு 7 மணி, வாரம் 6 நாள், 13 வாரம் என்றால் 546 மணி. அதை 50ஆல் பெருக்கினால் 27,300 லக்ஸ் மணி. எளிதில் வெளிறும் பொருள்களுக்குச் சர்வதேச ஒளியியல் ஆணையத்தின் வழிகாட்டுதல் ஆண்டுக்கு 15,000, நடுத்தரமானவற்றுக்கு 1,50,000. எந்த நிறம் எந்த வகை என்று சோதித்து அறியாத படத்தை முதல் வகையிலேயே வைப்பது நல்லது. அப்படியானால் 13 வாரமும் ஒரே படம் தொங்கக் கூடாது. ஆறரை வாரத்தில் மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் 13,650 வரும், எல்லைக்குள் அடங்கும். இங்கே ராயின் பல வடிவங்கள் கைகொடுக்கின்றன: ஒரு கோபிகையை இறக்கி அதே உருவத்தின் இன்னொரு வடிவத்தை அதே ஆணியில் ஏற்றலாம். காட்சியின் ஓட்டம் அறுபடாது. திறப்புக்கு முந்தைய பொருத்தும் வேலை, துப்புரவு, விருந்தினர் சுற்று ஆகிய நேரங்களையும் கணக்கில் சேருங்கள். பெரும்பாலான திட்டங்கள் விடுவது இதைத்தான்.

அளவிடும்போது மீட்டரைப் படத்தின் பரப்பிலேயே வைத்து நடுவிலும் நான்கு மூலைகளிலும் பாருங்கள். நடுவில் 50 இருந்து மேல் விளிம்பில் 90 இருப்பது சாதாரணம், ஏனென்றால் விளக்கு மேலே இருக்கிறது. நிறத்தைத் துல்லியமாகக் காட்டும் குறியெண் 90க்கு மேல் உள்ள எல்இடி, 2700 முதல் 3000 கெல்வின் (சற்று மஞ்சள் கலந்த ஒளி). புறஊதா அளவு லூமனுக்கு 75 மைக்ரோவாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். நல்ல எல்இடியில் இது பிரச்சினையே இல்லை, ஜன்னலில்தான் பிரச்சினை.

50 லக்ஸ் இருட்டாக இருக்கிறது என்று புகார் வரும். வெளியே டெல்லி வெயிலில் நின்றவர் நேரே உள்ளே வந்தால் கண் பழகச் சில நிமிடம் ஆகும். வாசலுக்கும் முதல் படத்துக்கும் நடுவே, சுவரெழுத்து மட்டும் உள்ள ஒரு நடைபாதையைப் படிப்படியாக மங்கலாக்குங்கள். எண்ணெய் ஓவிய அறை முதலில் வருவதும் இதற்கு உதவும். சுவர் வெள்ளை வேண்டாம்; அது படத்தைவிடப் பளிச்சிடும். மங்கிய மண் நிறம் போதும். பூசிய பின் குறைந்தது 2 வாரம், முடிந்தால் 4 வாரம் காயவிட்டே படங்களை ஏற்றுங்கள்.

புளியங்கொட்டை:

மேலே சொன்னவற்றுக்குப் பொருள் சார்ந்த காரணத்தைச் சேர்க்கிறேன்.

அவருடைய நிறங்கள் பெரும்பாலும் ஏழு: இந்தியச் சிவப்பு, மஞ்சள் காவி, பச்சை, சாதிலிங்கச் சிவப்பு, சாம்பல், நீலம், வெள்ளை. கல்தூள், வண்டல் மண், அவுரி, சுண்ணக்கட்டி, பாதரசத்திலிருந்து வரும் சாதிலிங்கம், கோட்டுக்கு விளக்குக்கரி. குழைக்கப் புளியங்கொட்டைப் பசை. கொட்டையை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துக் காய்ச்சி வடிகட்டுவது பொதுவான முறை. பரப்பாக வீட்டு நெசவுத் துணி, சுண்ணம் பூசிய பலகை, பின்னிய பாய்.

இதில் காவியும் கரியும் வெளிச்சத்துக்கு அசையாது. சாதிலிங்கம் வெளிறாது, கறுக்கும். ஒருமுறை கறுத்தால் திரும்பாது. அவுரி மெல்ல வெளிறும். ஆகவே ஒரே படத்தில் ஒரு நிறம் நின்று, ஒன்று கறுத்து, ஒன்று மங்கினால் ராய் வைத்த சமநிலை கெட்டுவிடும். வண்ணப் பரப்புகளின் எடையில் நிற்கும் ஓவியம் இது. அதனால்தான் 50 லக்ஸில் பிடிவாதம்.

பசையின் அளவுதான் அடுத்த வில்லங்கம். பசை குறைந்த இடத்தில் வண்ணம் பொடியாக உதிரும். கூடிய இடத்தில் சுருங்கி இழுத்து வெடித்து, வண்ணத்தின் ஓடுகள் கிண்ணம் போல ஓரம் தூக்கும். தஞ்சாவூர் ஓவியம் செய்பவர்கள் பூச்சு வேலையில் இந்த இரண்டையும் அறிவார்கள். ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்தில் வையுங்கள். 65ஐத் தாண்டிச் சில நாள் நின்றால் புளியங்கொட்டை மாவுச்சத்தில் பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சியும் வரும். ஏசியை மாலையில் அணைத்துக் காலையில் போடுவது இன்னும் மோசம். ஒவ்வொரு நாளும் பரப்பு விரிந்து சுருங்கும், மேலே உள்ள பூச்சு அதோடு நகர முடியாமல் விடுபடும். ஓர் அறைக்கு இரண்டு டேட்டா லாகர் (வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தொடர்ந்து பதியும் கருவி): ஒன்று படத்தின் அருகே, ஒன்று வெளிச்சுவர்ப் பக்கம்.

பாய் ஓவியங்களைத் தனியாகத் திட்டமிடுங்கள். பாய் வளையும், சுண்ணப்பூச்சு வளையாது. மேல் விளிம்பில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் பாயின் எடையே பூச்சை உடைக்கும். பின்னால் முழுப் பரப்பையும் தாங்கும் கெட்டிப் பலகை, ஆழமான பெட்டிச் சட்டம், சற்றுச் சாய்ந்த நிலை. கொண்டுவரும்போதும் படம் மேல்நோக்கிப் படுத்த நிலையிலேயே வர வேண்டும். பெட்டியை வந்தவுடன் திறக்காமல் காட்சியறையில் 24 மணி நேரம் மூடியபடி வைத்து, பிறகு திறந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, படம் கிளம்பும்போது எழுதிய நிலை அறிக்கையோடு ஒப்பிடுங்கள். நேர் வெளிச்சத்தில் தூக்கிய ஓடுகள் தெரியாது.

சுவர்வெளி:

மிக்க நன்றி. படங்களை மாற்றும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். இரண்டு சந்தேகம். செலவும் எடையும் குறையக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் (பிளாஸ்டிக் தகடு) போடலாமா? தூசி படிந்த படத்தை மாட்டும் முன் துடைக்கலாமா?

புளியங்கொட்டை:

பொடியாக உதிரும் வண்ணத்துக்குச் சாதாரண அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். துடைத்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி வண்ணத்தூளைத் தன் பக்கம் இழுக்கும். லேமினேட் செய்த, புறஊதா வடிகட்டும் கண்ணாடி போடுங்கள். கண்ணாடிக்கும் வண்ணத்துக்கும் நடுவே குறைந்தது 5 முதல் 6 மி.மீ. இடைவெளி, பாய்க்கு இன்னும் அதிகம். ஒட்டி நின்றால் ஈரமான நாளில் வண்ணம் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும், சட்டத்தைப் பிரிக்கும்போது பெயர்ந்து வரும்.

துடைக்கக் கூடாது. ஈரத்துணி பட்டால் பசை கரையும், விளக்குக்கரிக் கோடு பக்கத்து வெள்ளையில் இழுபடும். உலர்ந்த துணியும் பொடி வண்ணத்தைத் தேய்த்து எடுக்கும். இதைப் பாதுகாப்பு வல்லுநர் மட்டுமே செய்யலாம்: உருப்பெருக்கியின் கீழ், எந்தப் பகுதி உறுதியானது என்று பார்த்து, மென்தூரிகையால் தூசியை உறிஞ்சு குழாயின் வாய்க்குத் தள்ளுவார். அங்கும் உதிரும் பகுதியைத் தொடமாட்டார்.

ஆவணஅறை:

அனுமதிக் கேள்வி விடுபட்டிருக்கிறது. ராய் 1972 ஏப்ரலில் மறைந்தார். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை, மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. ஆகவே 2032 டிசம்பர் 31 வரை உரிமை உயிரோடு இருக்கிறது. படத்தை வைத்திருக்கும் கலைக்கூடமோ சேகரிப்பாளரோ சரி என்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. உடைமை வேறு, பதிப்புரிமை வேறு. கண்காட்சி நூல், சுவரொட்டி, கடையில் விற்கும் அட்டை ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை உள்ளவரின் எழுத்து அனுமதியும், கலைக்கூடம் எடுத்த ஒளிப்படத்தைப் பயன்படுத்த அதன் அனுமதியும் தனித்தனியே வேண்டும். திட்ட அட்டவணையில் இதற்குக் கண்காட்சிக்கு ஆறு மாதம் முன்பே இடம் ஒதுக்குங்கள்.

தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972இன் கீழ் அவருடைய படைப்புகள் கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்டவை. நாட்டுக்குள் இரவல் வாங்கலாம், வாங்கி விற்கலாம். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டுச் சுற்று என்று திட்டத்தில் எழுதும் எண்ணம் இருந்தால் அதை அரசு வழியாகவே வரையுங்கள்.

தனியாரிடமிருந்து இரவல் வாங்குவதாகக் காட்டினால், போலிகளைப் பற்றி ஒரு பக்கமாவது சேருங்கள். பட்டறை முறையும் தேதியில்லாமையும் போலி செய்பவருக்கு வசதி. கையெழுத்தை வைத்து மட்டும் எதையும் ஏற்க வேண்டாம்; உதவியாளர் கை பட்ட படத்திலும் அவர் கையெழுத்து இருக்கும், போலியிலும் இருக்கும். முதலில் படம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற தொடர்: ரசீது, பழைய கண்காட்சிப் பட்டியல், சட்டத்தின் பின்புறச் சீட்டுகள். அடுத்துப் பொருள். புறஊதா விளக்கில் தாள் பளீரென நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி சேர்த்த தாள். அது 1950களை ஒட்டிப் பரவியது. 1930கள் என்று சொல்லி வரும் படத்தில் அது இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பசையில் குழைத்த வண்ணத்துக்குப் பதில் அக்ரிலிக் வண்ணம் இருப்பது ஆய்வகத்தில் தெரிந்துவிடும். தண்ணீர்த் துளி வைத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் யார் சொன்னாலும் செய்யவிடாதீர்கள். உண்மைப் படமாக இருந்தால் அந்த இடம் போய்விடும்.

உதவியாளர் கை பட்டதையும் போலியையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். முன்னது ராய் விரும்பி ஏற்ற முறை. தாயும் சேயும் சுவரில் அதைப் ‘பட்டறைப் படைப்பு’ என்று வெளிப்படையாக எழுதி மாட்டலாம். கோட்டுத்தூரிகை சொன்ன ஒப்பீடு அப்போது இன்னும் கூர்மையாகும்.