பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பிய அப்பாவை நடமாட வைப்பது எப்படி?

கேள்வி:
பக்கவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்த என் அப்பா, மறுவாழ்வு மையத்தில் ஆறு வாரம் பயிற்சி பெற்று, ஊன்றுகோலுடன் நடக்கும் நிலையில் மதுரைக்குத் திரும்பினார். வந்தபின் நாள் முழுவதும் சாய்வு நாற்காலியிலேயே இருக்கிறார். தண்ணீர்ச் செம்பைக்கூட அம்மாதான் எடுத்துக் கொடுக்கிறார். என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
நான் இயன்முறை மருத்துவர். முதலில் அந்தச் செம்பைக் கூடத்தின் மறுகோடியில் வையுங்கள். அவரே நடந்து போய்க் குடிக்கட்டும், நீங்கள் தளர்ந்த பக்கமாக உடன் நில்லுங்கள். சுவரை ஒட்டிப் போட்ட, நழுவாத நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதை வேளைக்கு ஐந்து முறை எனத் தொடங்கி, தளர்ந்த காலிலும் எடை இறங்குகிறதா என்று கவனித்தபடி மெல்லக் கூட்டலாம். எழுப்பும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கவே வேண்டாம், தோள்மூட்டு பாதிக்கப்படும்.

மறுமொழி 2:
என் அம்மா நடக்க மறுத்ததற்குச் சோம்பல் காரணமில்லை, விழுந்துவிடுவோமோ என்ற அச்சம்தான். வழியில் கிடந்த கால்மிதியை அகற்றி, கழிவறைச் சுவரில் கைப்பிடி பொருத்திய பிறகே துணிந்தார். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3:
அவர் எதிலும் நாட்டமின்றி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு பலருக்கும் வருகிறது, அதற்குச் சிகிச்சையும் உண்டு.