இறைமைசாற்று நாணயம்: ஒரு சொல்லாக்க முன்மொழிவு

‘நினைவு நாணயம்’ நம்மிடையே நிலைபெற்றுவிட்ட நல்ல சொல். ஆயினும், பெரும்பாலான நாடுகளின் ஏற்பை இன்னும் பெறாத ஓர் ஆட்சி, தன்னை நாடென்று காட்டிக்கொள்வதற்காக வெளியிடும் நாணயத்தை அச்சொல்லால் மட்டும் சுட்டினால் உயிரான கூறு விடுபட்டுவிடுகிறது. நினைவு என்பது நடந்து முடிந்ததைப் பற்றியது. இந்நாணயமோ முடிவாகாத ஒன்றை முடிந்துவிட்டதாக அறிவிக்கிறது.

அப்காசியா இதற்குத் தெளிவான சான்று. ஜார்ஜியா தன் நிலமென்று கருதும் அப்பகுதியை 2008 ஆகஸ்டில் ரஷ்யா தனிநாடாக ஏற்றது. அதே ஆண்டில் அப்சார் என்னும் பெயரில் வெள்ளி, பொன் நாணயங்கள் வெளிவந்தன. ஓர் அப்சாருக்குப் பத்து ரூபிள் என்று மதிப்பும் வகுக்கப்பட்டது. ஆனால் கடைத்தெருவில் புழங்குவது ரஷ்ய ரூபிளே. அப்சார் பெரும்பாலும் சேகரிப்பாளர்களின் பேழைகளையே சென்றடைகிறது. நாடு என்பதற்கு 1933 மாண்டிவிடியோ உடன்படிக்கை வகுத்த நான்கு தகுதிகளில் (நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவுகொள்ளும் ஆற்றல்) நாணயம் இடம்பெறவில்லை என்பதை இங்கே நினைக்கவேண்டும். சட்டம் கேட்காத சான்றைத் தானே முன்வந்து காட்டுவதுதான் இந்த வெளியீட்டின் உட்பொருள்.

இத்தகைய நாணயத்தை ‘ஏற்பில்லா நாட்டு நாணயம்’ எனலாமே என்னும் பரிந்துரையை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான்: அது வெளியிடுபவரின் நிலையைச் சொல்கிறதே தவிர, நாணயத்தின் பணியைச் சொல்லவில்லை. மால்டோவாவிலிருந்து பிரிந்து ஏற்பின்றி இயங்கும் திரான்ஸ்னிஸ்திரியாவின் ரூபிளைக் கொண்டு மக்கள் அன்றாடம் காய்கறி வாங்குகிறார்கள்; 2014இல் அங்கே வந்த நெகிழி நாணயங்களும் புழக்கத்துக்கு உரியவையே. 1960இல் கொங்கோவிலிருந்து பிரிந்த கட்டாங்கா 1961இல் வெண்கல நாணயங்களோடு, அதே வடிவில் ஐந்து பிராங்குப் பொன் நாணயமும் அடித்தது. வெளியிட்டவர் ஒருவரே, வடிவமும் ஒன்றே. செய்த பணி வேறு: வெண்கலம் புழக்கத்துக்கு, பொன் பறைசாற்றுவதற்கு. ‘தனிநாட்டு நாணயம்’, ‘போலிநாட்டு நாணயம்’ ஆகிய இரண்டும் பிணக்கில் நம்மையே தீர்ப்புச் சொல்ல வைப்பவை. கலைச்சொல்லுக்கு அந்த வேலை கூடாது.

‘கோரிக்கை நாணயம்’ என்பதும் பொருந்தாது; நாணயம் அடிப்பவர் யாரிடமும் மனுக் கொடுப்பதில்லை, பறைசாற்றுகிறார். ஆகவே ‘இறைமைசாற்று நாணயம்’ என்ற வினைத்தொகையை முன்மொழிகிறேன். தமிழ்நாட்டில் ‘இறையாண்மை’யே பெருவழக்கு என்றாலும், ஈழத்தில் வழங்கும் ‘இறைமை’ தொகைக்குள் எளிதாக அமைகிறது. இரு கரையினருக்கும் பொருளும் விளங்கும். நாடா இல்லையா என்று பிணக்குள்ள இத்தகைய ஆட்சியின் நிலையைக் குறிக்கப் ‘பிணக்குறு நாட்டுநிலை’ எனலாம். ஆங்கிலத்தில் இரண்டுமே ‘statehood’ ஆயினும், புதுச்சேரி கேட்பது ‘மாநிலத் தகுதி’ என்பதால் அச்சொல்லை இங்கே கொண்டுவந்தால் குழப்பமே மிஞ்சும். ‘அரசு’ என்றாலோ அரசாங்கம் என்றே பலரும் கொள்வர்.

இச்சொல்லுக்கான விளக்கக் குறிப்பில் ஒன்றை மறவாமல் சேர்க்கவேண்டும். அசர்பைஜானிலிருந்து பிரிந்து ஆர்மீனியர் ஆண்ட நகோர்னோ-கராபாக் 2004 என்று பொறித்து நாணயம் வெளியிட்டது. அங்கே புழங்கியதோ ஆர்மீனிய திராம். 2024 ஜனவரி 1 முதல் அந்த ஆட்சியே இல்லை. அந்நாணயத்தை இன்று வெறும் நினைவுப்பொருளாக வகைப்படுத்தும் விருப்பம் எழலாம். எனினும், இச்சொல் வெளியீட்டுக் காலத்து நோக்கத்தைச் சுட்டுவது. பின்னர் நேர்ந்ததைக் கொண்டு வகையை மாற்றலாகாது.