பூனைக் குடும்பத்தின் இரு துணைக்குடும்பங்கள்: தமிழில் என்ன பெயர்?

லாசுப்பேட்டையிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பூனைக் குடும்பம் பற்றிய பலகை ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குடும்பம், பேரினம், சிற்றினம் என்பவற்றில் எனக்குச் சிக்கலில்லை. 2017இல் செய்த திருத்தத்தின்படி 14 பேரினங்கள், 41 சிற்றினங்கள் என்று எழுதிவிட்டேன். புலி, சிங்கம் அடங்கிய பாந்தரினே, வீட்டுப்பூனை அடங்கிய ஃபெலினே என்னும் இரு துணைக்குடும்பங்களில்தான் தடுமாறுகிறேன். முதலில் பெரும்பூனை, சிறுபூனை என்று எழுதினேன். சிவிங்கியும் (சீட்டா) பூமாவும் இரண்டாம் பிரிவில் இருக்க, நாயளவே உள்ள படைச்சிறுத்தை முதற்பிரிவில் இருப்பது எப்படி என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். முழங்கும் பூனை என்று மாற்றலாமென்றால் பனிச்சிறுத்தை முழங்குவதில்லை. வழி சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அம்மா, வழி தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது. புலியின் இளமைப்பெயர் குருளை. வெருகின், அதாவது காட்டுப்பூனையின், இளமைப்பெயர் குட்டி, 'மூங்கா வெருகெலி மூவரி யணிலொடு' என்னும் நூற்பாவைக் காண்க. இரண்டையும் ஒரே நூற்பாவில் வைக்காத முன்னோர் இந்தப் பிரிவினையை உணர்ந்தே இருந்தனர் என்பது என் துணிபு. ஆகவே முதலாவது வேங்கைத் துணைக்குடும்பம், இரண்டாவது வெருகுத் துணைக்குடும்பம். வெருகு என்பது அச்சம் எனப் பொருள்படும் 'வெரு' என்னும் அடியிற் பிறந்தது. ஓசை கேட்டதும் வெருவி ஒதுங்கும் விலங்கு என்பதாலோ, கோழியை வெருவச் செய்வது என்பதாலோ அப்பெயர் பெற்றிருக்கலாம். முல்லை அரும்புக்குப் 'பிள்ளை வெருகின் முள்ளெயிறு' என்று கபிலர் புறநானூற்றில் உவமை சொன்னதையும் மாணவர்க்குச் சொல்லுங்கள். அதே விலங்கைத் தொல்காப்பியர் குட்டி என்க, கபிலர் பிள்ளை என்றது ஏன் என்பது தனியே ஒரு கட்டுரைக்குரிய பொருள். அதைப் பின்னர் எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

ஐயா பொறுத்தருள வேண்டும். புலிக்குக் குருளை சொல்லும் அதே நூற்பாவில் நாயும் பன்றியும் முயலும் உடனிருக்கின்றன. அதை வகைப்பாட்டியல் என்று கொண்டால் முயலையும் பாந்தரினேயில் சேர்க்க நேரும். வெருகில் இன்னொரு தடையும் உண்டு. நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மாஹேயும் அடங்கும், அங்கே மலையாளத்தில் வெருகு என்றால் புனுகுப்பூனை. பெயரில் பூனை இருந்தாலும் அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. தமிழ்ப் பிள்ளைகளுக்கோ வெருகு என்றால் ஒன்றுமே விளங்காது. பொருள் சொல்லித்தான் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால், மொழிபெயர்ப்பு எதற்கு?

துணைக்குடும்பத்தின் பெயர் அதன் இயல்பை விளக்க வேண்டும் என்ற எண்ணமே நம்மை அலைக்கழிக்கிறது. விலங்கியல் விதி அப்படிக் கேட்பதில்லை. ஒரு பேரினத்தை மாதிரியாகக் கொண்டு அதன் பெயரிலிருந்து குடும்பப்பெயரை ஆக்குகிறார்கள், அவ்வளவே. ஃபெலிஸ் பேரினத்தின் மாதிரிச் சிற்றினம், 1758இல் லின்னேயஸ் ஃபெலிஸ் கேட்டஸ் என்று பெயரிட்ட நம் வீட்டுப்பூனை. எனவே இரண்டாவதைப் பூனைத் துணைக்குடும்பம் என்று தயங்காமல் எழுதலாம். ஆனால் பாந்தரினேக்குப் பெயர் தந்த பாந்தரா பேரினத்தின் மாதிரிச் சிற்றினம் புலியும் அன்று, சிங்கமும் அன்று, சிறுத்தை. முறைப்படி பார்த்தால் முதலாவது சிறுத்தைத் துணைக்குடும்பம் ஆக வேண்டும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

விதி சரியாக இருக்கலாம், விளைவு சரியில்லை. 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் கூனோ காட்டுக்கு வந்த சிவிங்கிகளையும் சிறுத்தை என்றே பலர் எழுதினர். அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளை, சிறுத்தைத் துணைக்குடும்பத்தில் சிவிங்கி இல்லை என்று படித்தால் முன்னினும் குழம்பும். எளிமை வேண்டுமென்று சொன்னவரே இதைச் சொல்வதுதான் வியப்பு.

லாசுப்பேட்டையிலிருந்து:

இருவருக்கும் நன்றி. வியாழன் இரவாகிவிட்டது. தனி மடலில் எழுதிய நால்வரில் மூவர், அவர்களில் ஒருவர் 'எதையாவது போடுங்கள்' என்ற அளவில், புலித் துணைக்குடும்பம், பூனைத் துணைக்குடும்பம் என்பவற்றுக்கு இசைந்தனர். சிங்கத்தைப் புலிக்குக் கீழே வைத்ததற்கு மாணவர் யாரும் இதுவரை சண்டைக்கு வரவில்லை. கீழ்மூலையில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது. அதில் ஆசியாவின் மிகச்சிறிய காட்டுப்பூனையை வைத்தேன். பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ராய் செயின்ட்-ஹிலேர் 1831இல் அதற்குப் பெயரிட்டது நம் புதுச்சேரியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு. அதன் அறிவியல் பெயரிலுள்ள ரூபிஜினோசஸ் என்ற லத்தீன் சொல்லுக்குத் துருநிறம் என்பது பொருள். துரும்பன் பூனை என்று எழுதியிருக்கிறேன். புதுச்சேரிப் பூனை என்று எழுதச் சொல்லிப் பிள்ளைகள் கெஞ்சினார்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அச்சாகிவிட்டதென்றால் தடுக்க மாட்டேன். ஆயினும் புலி, பூனை என்னும் முடிவில் எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். வெருகு பற்றிய கட்டுரை பாதி எழுதியாயிற்று.