காற்றடிக்கிற பக்கம் போனால் கம்பி தொய்கிறது: என்ன செய்யலாம்?

பனிமலையான், ஹப்புத்தளை:
எங்கள் பக்கத்தில் லைன் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம்தான் ஞாபகத்துக்கு வரும். நான் கேட்பது கண்ட்ரோல் லைன் பிளேன் பற்றி: கையில் ஹேண்டில், இரண்டு கம்பி, நம்மைச் சுற்றி வட்டம் போடுமே, அதுதான். பால்சா என்கிற லேசான மரத்தில் நானே செய்தது. 600 கிராம், 15 மீட்டர் கம்பி, சின்ன குளோ எஞ்சின். கொழும்பில் மச்சான் வீட்டருகே பறக்கவிட்டபோது ஒரு சுற்றுக்கு 4.2 செக்கன் எடுத்தது, பிரச்சினையே இல்லை. இங்கே 5 செக்கன். ஆடிக்காற்று வேறு தெற்குப் பள்ளத்திலிருந்து ஏறி வருகிறது. பிளேன் தெற்குப் பக்கம் போனதும் கம்பி தொய்கிறது, ஹேண்டிலை ஆட்டினாலும் ஒன்றும் கேட்பதில்லை. போன கிழமை என் தலைக்கு மேலேயே வந்து, வடிகானுக்குள் மூக்கைக் குத்தியது. லயத்துப் பொடியன்கள் கைதட்டினார்கள். கம்பியை நீளமாக்கினால் சரிவருமா? மூக்கில் ஈயம் வைக்கச் சொல்கிறான் கூட்டாளி.

பழைய ஃபிட்டர், பண்டாரவளை:
தம்பி, ஈயமும் வேண்டாம், நீளமும் வேண்டாம். கம்பியை விறைப்பாக வைப்பது வேகம்தான். உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 4.2 செக்கன் என்றால் மணிக்கு 80 கிலோமீட்டர், கையில் சுமார் 2 கிலோ இழுப்பு. 5 செக்கனில் அது ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே போய்விடுகிறது. வேகம் கொஞ்சம் குறைந்தாலே இழுப்பு நிறையக் குறையும். அந்த மிச்சத்தையும் காற்று உள்ளே தள்ளித் தின்றுவிடுகிறது. அதே வேகத்தில் கம்பியை நீட்டினால் இழுப்பு இன்னும் குறையும்.

வேகம் ஏன் போனது? ஹப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேலே. காற்று கொழும்பைவிட எட்டில் ஒரு பங்கு மெலிவு. எஞ்சினுக்கு எண்ணெய் அளந்துவிடும் ஊசி இருக்கிறதே, கொழும்பில் வைத்த அளவில் அது இங்கே எண்ணெயைக் கூடுதலாக ஊட்டுகிறது. ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகுங்கள். எஞ்சின் ஓடும்போது பிளேனின் மூக்கை வானத்துக்குத் தூக்கிப் பாருங்கள். சத்தம் ஒரு துளி ஏறினால் சரி, விக்கித் தேய்ந்தால் அதிகமாகத் திருகிவிட்டீர்கள். முப்பது வருடம் பெக்டரியில் மெஷின் சத்தம் கேட்ட காதால் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

அப்புறம் நிற்கிற விதம். காற்று தெற்கிலிருந்து வந்தால் உங்கள் விளையாட்டெல்லாம் வடக்கில்தான், முதுகில் காற்றுப் படவேண்டும். அங்கே காற்றே கம்பியை இழுத்துப் பிடிக்கும். கிளப்புவதும் அந்தப் பக்கத்திலிருந்தே. ஆனால் அங்கே அடுத்தடுத்து குட்டிக்கரணம் போட்டால் ஒவ்வொன்றிலும் வேகம் ஏறிக்கொண்டே போகும். இரண்டு போதும். தெற்குப் பக்கம் தாழ்வாக, நேராக மட்டும் போங்கள். மேலே ஏற்றினால் பிளேனின் பாரமும் சேர்ந்து உள்ளே இழுக்கும்.

தொய்ந்துவிட்டதா? ஹேண்டிலோடு மல்லுக்கட்டாமல் சட்டென்று நாலு எட்டுப் பின்னால் வையுங்கள். கம்பி விறைத்தால் பிளேன் மறுபடி சொல் கேட்கும். முதலில் வெறுங்கையோடு பின்னால் நடந்து பழகுங்கள். நான் பழகாமல் போய் மல்லாக்க விழுந்தவன், விழுந்த இடத்தில் மாடு கட்டியிருந்தார்கள், மீதியைக் கேட்காதீர்கள்.

வெளிப்பக்க இறக்கை நுனியில் எடை வைத்தீர்களா? உள் இறக்கை கம்பியின் பாரத்தைச் சுமக்கிறது, அதை ஈடுகட்டத்தான் அது.

சோம்பேறி, ஹட்டன்:
ஃபிட்டர் அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். நான் காலை ஆறரைக்குப் போய் எட்டு மணிக்குள் மூட்டை கட்டிவிடுவேன். வெயில் ஏறினால் மலைச்சரிவில் காற்றும் ஏறும். யூகலிப்டஸ் உச்சி வளைய ஆரம்பித்தால் பெட்டியைத் திறக்கவே மாட்டேன். ஒன்று மட்டும்: கம்பி இரும்பு. கிரவுண்டுக்குப் பக்கத்தில் கரண்ட் கம்பி போனால் வேறு இடம் பாருங்கள். இடி கேட்டாலும் அப்படித்தான்.

பனிமலையான்:
நேற்றுப் போனேன். ஊசி கால் சுற்று உள்ளே, இப்போது 4.5 செக்கன். நுனியில் எடை வைக்கவே இல்லை அண்ணா, மறந்திருக்கிறேன். ஐந்து ரூபாய் நாணயக் குத்தி இரண்டை டேப் போட்டு ஒட்டினேன். தெற்குப் பக்கம் மூன்று தடவை தொய்ந்தது, மூன்று தடவையும் பின்னால் ஓடித் தப்பினேன். நாலாவது தடவை காலில் கோல் போஸ்ட் முட்டியது. பிளேனுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் கணுக்கால் வீங்கியிருக்கிறது. வட்டத்தை இனி கிரவுண்டின் நடுவுக்கு மாற்ற வேண்டும்.