ரேடியோ அலையே விடாத கருவியைக் கண்டுபிடிப்பது எப்படி?

வணக்கம். ஓர் அலுவலக அறையில் ஒளித்துவைத்த கேமரா அல்லது மைக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுவரை செய்தவை:

ரவுட்டரின் பட்டியலில் தெரியாத கருவி எதுவும் இல்லை. (சிம் போட்ட கருவி அதில் வராதுதான்.) விளக்கை அணைத்து, டார்ச்சைக் கண்ணருகே பிடித்து, கடிகாரம், புகை உணரி, சார்ஜர் எல்லாவற்றிலும் லென்ஸ் மினுக்கம் தேடியாயிற்று. இருட்டிலும் படமெடுக்கும் கேமராக்கள் விடும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் செல்பி கேமரா வழியாகவும் பார்த்தோம். முதலில் டிவி ரிமோட்டை அழுத்திச் சோதிப்பது முக்கியம், சில போன்களின் வடிகட்டி அதையும் மறைத்துவிடும். மலிவான ஆர்எஃப் டிடெக்டர் (ரேடியோ அலையை உணர்ந்து ஒலிக்கும் கருவி), வைஃபை இருக்கும்வரை ஓயாமல் கத்துகிறது. ரவுட்டரையும் போன்களையும் அணைத்த பிறகே அதற்கு அர்த்தம்.

சிக்கல் இதுதான்: மெமரி கார்டில் மட்டும் பதிகிற கருவி அலை எதையும் வெளியே அனுப்பாது. குரல் கேட்டால் மட்டும் விழிக்கும் சிம் மைக்கும் அமைதியான அறையில் சிக்காது. அதற்காகப் பாட்டு ஓடவிட்டு எத்தனை நிமிடம் காத்திருப்பது சரி? அணைந்த கருவியின் குறைக்கடத்தியையும் காட்டும் நான்-லீனியர் ஜங்ஷன் டிடெக்டர் பயன்படுத்தியவர்கள் உண்டா? அதில் துருப்பிடித்த ஆணி தரும் பொய்ச் சமிக்ஞையை எப்படிப் பிரிக்கிறீர்கள்? வெப்பக் கேமரா போதுமா?