நுனியில் நான்கு பல் இருந்தால் அது ஸ்டில்பமா?

மண்கூடு:
வேட்டுவன் குளவியின் மண்கூட்டில் எடுத்த பச்சைநீலக் குயில்குளவியின் (பிற குளவிகளின் கூட்டில் முட்டையிடும் குளவி) படம் ஒன்றை நேற்று இங்கே போட்டு, "வயிற்று நுனியில் நான்கு பல், ஆகவே ஸ்டில்பம் சயனூரம்" என்று ஒரு குயில்குளவி இனத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். கிரைசிஸ் என்ற வேறொரு குயில்குளவிப் பேரினத்திலும் நுனி விளிம்பில் இப்படிக் கூர்முனையாக நான்கு பல் உள்ள இனங்கள் உண்டு. பல்லை எண்ணிப் பெயர் வைக்க முடியாது.

நீலச்சிறகு:
படம் என்னுடையது. பெயரைச் சொல்லியே கண்டிக்கலாம், ஐயா. பெரிதாக்கிப் பாருங்கள், நான்கு பல்லும் தெளிவாகத் தெரிகின்றன. ஆளும் நல்ல பெரிய ஆள்.

மண்கூடு:
பெரியது என்பதற்குப் படத்தில் என்ன ஆதாரம்? பக்கத்தில் அளவுகோல் இல்லை. ஸ்டில்பத்துக்கு மார்பின் பின்புறத்தில், மேற்புறம் குழிந்து பின்னோக்கி நீளும் ஒரு தட்டு இருக்கும். அதைக் காட்டுங்கள். உங்கள் படத்தில் அந்த இடம் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெளுத்துக் கிடக்கிறது.

வேலியோரம்:
நிறமே போதாதா? முன்பாதி பச்சை, நுனி கருநீலம்.

மண்கூடு:
போதாது. அது சாயமல்ல, மேல்தோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டு எழும் நிறம். வெயில் விழும் கோணம் மாறினால் பச்சை நீலமாகிவிடும். நான் கேட்டது தட்டு.

நீலச்சிறகு:
நான் சொல்வது பல். நான்கு பல்.

வேலியோரம்:
கரப்பான்பூச்சியை இழுத்துச் சென்ற மரகதக் குளவியைக் குயில்குளவி என்று சாதித்தவரும் நீங்கள்தானே, நீலச்சிறகு? தொடை சிவப்பாக இருக்கிறது, இடை மெலிந்திருக்கிறது என்று அன்று நான் எவ்வளவோ சொன்னேன்.

நீலச்சிறகு:
அந்தப் படத்தை என் பெயரில்லாமல் எடுத்துப் போட்டவர் நீங்கள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மண்கூடு:
லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட கிரைசிஸ் இக்னிட்டாவையும் அதன் நெருங்கிய உறவினங்களையும் ஐரோப்பாவில் நுண்ணோக்கியில் வைத்தே பிரிக்கத் திணறுகிறார்கள். சிலவற்றுக்கு மரபணுவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் கைபேசிப் படத்தை வைத்துக்கொண்டு பல் எண்ணுகிறோம்!

செம்மண்காடு:
ஒன்றைப் பிடித்து ஊசியில் குத்தி வைத்துவிட்டால் வழக்கு தீர்ந்தது.

நீலச்சிறகு:
ஒரு பெயருக்காகக் கொல்வதா? என் வீட்டுச் சுவரில் அதற்கு இடமில்லை.

மண்கூடு:
கொல்லத் தேவையில்லை. கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சிறிது நேரம் குளிர வையுங்கள். மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்துவிட்டுப் பறக்க விடுங்கள். கையால் மட்டும் சீண்டாதீர்கள். குழிந்த அடிவயிற்றை மார்போடு மடித்து உருண்டையாகிவிடும், பிறகு தட்டும் தெரியாது.

நீலச்சிறகு:
பல்?

மண்கூடு:
மறுபடியும் பல்லா? அதுவரை "குயில்குளவி, இனம் தெரியவில்லை" என்று தலைப்பை மாற்றுங்கள்.

நீலச்சிறகு:
மாற்ற மாட்டேன். வேலியோரம் முதலில் என் படத்துக்குப் பதில் சொல்லட்டும்.

வேலியோரம்:
அதில் இருந்தது மரகதக் குளவி என்று முதலில் நீங்கள் எழுதுங்கள்.